மண்புழுவின் நரம்பில் சிக்னல் ஓடும் வேகத்தை வீட்டிலேயே அளப்பது: இரண்டு சேனல் ஆம்ப்ளிஃபையர் செய்முறை

கரப்பான்பூச்சியின் காலில் இரண்டு ஊசி, ஒரு ஆம்ப்ளிஃபையர், ஒரு ஸ்பீக்கர் வைத்து நரம்புத் துடிப்பின் சத்தத்தைக் கேட்பது பலருக்கும் தெரிந்த செய்முறைதான். நரம்பு செல் துடிக்கிறது என்பதை அது காட்டும். அந்தத் துடிப்பு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பயணம் செய்கிறது என்பதைக் காட்டாது. அதைப் பார்க்க, ஒரே துடிப்பை உடலின் இரண்டு இடங்களில் பிடித்து, இடையில் எவ்வளவு நேரம் ஆனது என்று அளக்க வேண்டும். ஆகவே இரண்டு சேனல் கட்டாயம். ஒரு சேனலோடு நிறுத்திக்கொண்டால் இந்த வேலையின் பாதிப் பயன்கூடக் கிடைக்காது.

நரம்பின் வேகத்தை அளக்கவே முடியாது என்று நம்பியிருந்த காலத்தில், ஜெர்மன் விஞ்ஞானி ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850-இல் கோனிக்ஸ்பெர்க்கில் அதை அளந்து வெளியிட்டார். தவளைக் காலின் நரம்பை இரண்டு வெவ்வேறு இடங்களில் தூண்டி, தசை துடிக்க ஆகும் நேரத்தின் வித்தியாசத்தைக் கணக்கிட்டார். விநாடிக்கு ஏறக்குறைய 27 மீட்டர் வந்தது. விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கை அளக்க அவர் தனியாகக் கருவி அமைக்க வேண்டியிருந்தது. இன்று விநாடிக்கு 44,100 முறை மாதிரி எடுக்கும் சாதாரண யூஎஸ்பி சவுண்ட் கார்டு அந்த வேலையைச் செய்துவிடும்.

மண்புழுவைத் தேர்ந்தெடுக்கக் காரணம் அதன் ராட்சத நரம்பிழைகள். வயிற்றுப் பக்கமாக ஓடும் நரம்புத் தண்டின் மேற்பகுதியில் நடுவில் ஒன்று, இருபுறமும் ஒவ்வொன்று என மூன்று தடித்த இழைகள் தலையிலிருந்து வால் வரை செல்கின்றன. ஒவ்வொரு இழையும் ஒரே செல் அல்ல. வளையத்துக்கு வளையம் தனித்தனி செல்கள் வரிசையாக ஒட்டி, சந்திப்புகளில் மின்சாரம் நேரடியாகக் கடந்து போகும்படி இணைந்திருக்கின்றன. அதனால் துடிப்பு தடையில்லாமல் நீளம் முழுவதும் ஓடும். தலைப் பக்கம் தொட்டால் நடு இழை துடிக்கும். வால் பக்கம் தொட்டால் பக்க இழைகள் துடிக்கும். பக்க இழைகள் இரண்டும் குறுக்கே இணைக்கப்பட்டிருப்பதால் பதிவில் ஒரே துடிப்பாகத்தான் வரும். ஆபத்து வந்தால் சட்டென்று சுருங்கிக்கொள்வதற்கான அவசர வழி இது.

புழுவை அறுக்கவோ ஊசி குத்தவோ தேவையில்லை. தோலுக்கு வெளியிலிருந்தே துடிப்பைப் பிடிக்கலாம். செல்லுக்குள் துடிப்பின் அளவு ஏறக்குறைய 100 மில்லிவோல்ட். உடற்சுவரைத் தாண்டி வெளியே வரும்போது சில பத்து மைக்ரோவோல்ட்தான் மிஞ்சும். மீதிச் சிரமம் எல்லாம் இந்தச் சின்ன அளவால் வருவதே.

புழுவைக் கிடத்தும் குழி

மீன் தொட்டிக்கு வாங்கும் பிளாஸ்டிக் காற்றுக் குழாயை நீளவாக்கில் பாதியாகப் பிளந்தால் நல்ல குழி கிடைக்கும். நீளம் 12 செ.மீ. போதும். புழு தளர்ந்து கிடக்கும்போதுள்ள தடிமனை விடக் குழி கொஞ்சம் குறுகலாக இருக்க வேண்டும். அகலமாக இருந்தால் புழு நெளிந்து கிடக்கும், மின்முனைகளுக்கு இடையே உள்ள தூரமும் நரம்பின் நீளமும் ஒன்றாக இருக்காது.

குழியின் அடியில் குறுக்காக ஐந்து கம்பிகள். முதல் கம்பியை 0 என்று வைத்துக்கொண்டால் மற்றவை 10, 25, 40, 50 மி.மீ. தூரத்தில் வரும். 0-வும் 10-ம் முதல் ஜோடி. 40-ம் 50-ம் இரண்டாம் ஜோடி. நடுவில் 25-இல் இருப்பது கிரவுண்ட், அதாவது சர்க்யூட்டின் பொதுப்புள்ளி. இரண்டு ஜோடிகளுக்கும் இடையே அளவைக் கணக்கிடும் தூரம் 40 மி.மீ. (0-விலிருந்து 40 வரை, அல்லது 10-இலிருந்து 50 வரை).

ஒரு ஜோடிக்குள் 10 மி.மீ. இடைவெளி விடுவதற்குக் காரணம் உண்டு. துடிப்பு ஒன்று ஏறக்குறைய 1 மில்லிவிநாடி நீடிக்கும். விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடும்போது அந்த ஒரு துடிப்பே நரம்பில் 20 மி.மீ. நீளத்துக்குப் படர்ந்திருக்கும். இரண்டு கம்பிகளையும் 2 மி.மீ. தூரத்தில் வைத்தால் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே மின்னழுத்தம்தான் வரும். ஆம்ப்ளிஃபையர் இரண்டின் வித்தியாசத்தை மட்டும் பெருக்குவதால் சிக்னல் தன்னைத்தானே கழித்துக்கொண்டு மறைந்துவிடும். ஆம்ப்ளிஃபையரைப் பத்து முறை சோதித்தும் எதுவும் வரவில்லை என்றால், இந்த இடைவெளியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கம்பிக்கு வெள்ளி மிகச் சிறந்தது. நகைப் பட்டறையில் 0.3 மி.மீ. சுத்த வெள்ளிக் கம்பி வெட்டித் தருவார்கள். அதைத் துணி வெளுக்கும் ஹைப்போகுளோரைட் திரவத்தில் 20 நிமிடம் ஊற வைத்தால் மேலே சாம்பல் கலந்த ஊதா நிறத்தில் சில்வர் குளோரைடு படியும். நன்றாக அலசி எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் படிவு இருந்தால் மின்முனையின் அழுத்தம் அலையாமல் நிற்கும். துருப்பிடிக்காத எஃகு ஊசிகளிலும் வேலை நடக்கும், ஆனால் இரைச்சல் கூடுதல். தாமிரக் கம்பி வேண்டவே வேண்டாம். ஈரத்தில் அது கரையும், பதிவு அலையும், புழுவுக்கும் கேடு. சால்டர் வைத்த இடம் குழியின் ஈரத்துக்கு வெளியே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு உலோகம் சேருமிடத்தில் ஈரம் பட்டால் அதுவே ஒரு சின்ன பேட்டரியாகிவிடும்.

ஆம்ப்ளிஃபையர்

சேனலுக்கு ஒன்றாக ஏடி620 (இரண்டு உள்ளீடுகளின் வித்தியாசத்தைப் பெருக்கும் ஐசி) இரண்டு, இரண்டு சேனலுக்கும் பொதுவாக டிஎல்072 (இரண்டு ஆப்-ஆம்ப் அடங்கிய ஐசி) ஒன்று, 9 வோல்ட் பேட்டரி இரண்டு. ஏடி620 கிடைக்காவிட்டால் ஐஎன்ஏ128 போடலாம், கால் வரிசை அதேதான்: 1-க்கும் 8-க்கும் நடுவே பெருக்கத்தை முடிவு செய்யும் ரெசிஸ்டர், 2-உம் 3-உம் உள்ளீடு, 4 எதிர் மின்சாரம், 5 கிரவுண்ட், 6 வெளியீடு, 7 நேர் மின்சாரம். இரண்டு பேட்டரிகளையும் தொடராக இணைத்து, நடுப்புள்ளியைக் கிரவுண்டாக எடுங்கள். ஒவ்வொரு ஐசியின் மின்சாரக் கால்களிலிருந்தும் கிரவுண்டுக்கு 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், ஐசிக்கு ஒட்டினாற்போல்.

1-க்கும் 8-க்கும் இடையே 2.2 கிலோ ஓம் போட்டால் முதல் கட்டப் பெருக்கம் ஏறக்குறைய 23. இந்த ஐசியால் ஆயிரம் மடங்கு பெருக்க முடியும் என்பதற்காக முதல் கட்டத்திலேயே அத்தனையும் பெருக்கக் கூடாது. இரண்டு மின்முனைகளுக்கும் இடையே எப்போதும் ஒரு நிலையான அழுத்த வித்தியாசம் இருக்கும். வெள்ளியில் சில மில்லிவோல்ட், எஃகில் 100 மில்லிவோல்ட் வரை கூடப் போகலாம். ஆயிரம் மடங்கில் 10 மில்லிவோல்ட்டே 10 வோல்ட் ஆகி வெளியீட்டைப் பேட்டரி அழுத்தத்தின் எல்லையில் முட்டவைத்துவிடும். 23 மடங்கில் 100 மில்லிவோல்ட் வந்தாலும் 2.3 வோல்ட்தான். அதை அடுத்த கட்டத்துக்கு முன்னால் கெப்பாசிட்டர் வைத்துத் தடுத்துவிடலாம்.

இரண்டு உள்ளீடுகளிலிருந்தும் கிரவுண்டுக்கு 10 மெகா ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று போடுங்கள். ஐசியின் உள்ளீட்டுக்கு வரும் நுண்ணிய மின்னோட்டம் திரும்பிப் போக வழி வேண்டும். இது இல்லாமல், கிரவுண்ட் கம்பி புழுவின் மேல் சரியாகப் படாத நேரத்தில் வெளியீடு ஒரே பக்கமாகப் போய் ஒட்டிக்கொள்ளும். ஐசி போய்விட்டது என்று நினைத்துக் கழற்றுவோர் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

ஏடி620-இன் வெளியீட்டிலிருந்து 10 நானோஃபாரட், அடுத்து கிரவுண்டுக்கு 56 கிலோ ஓம்: 284 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளது தணியும். அங்கிருந்து டிஎல்072-இன் நேர் உள்ளீட்டுக்கு. பின்னூட்டத்தில் 47 கிலோ ஓமும் 1 கிலோ ஓமும் சேர்ந்து 48 மடங்கு. 47 கிலோ ஓமுக்கு இணையாக 1 நானோஃபாரட் வைத்தால் 3.4 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேலே தணியும். மொத்தப் பெருக்கம் 1,100-க்குச் சற்று மேல். வெளியீட்டில் 1 கிலோ ஓம், 1 மைக்ரோஃபாரட், பிறகு சவுண்ட் கார்டு. 50 மைக்ரோவோல்ட் துடிப்பு இங்கே 50 மில்லிவோல்ட்டுக்கு அருகில் வந்து நிற்கும். ஆம்ப்ளிஃபையரின் சொந்த இரைச்சல் இந்த அலைவரிசைக்குள் 1 மைக்ரோவோல்ட்டுக்கும் குறைவு. பதிவில் அதைவிடப் பெரிய இரைச்சல் தெரிந்தால் அது வெளியிலிருந்து வருவது.

கெப்பாசிட்டர்கள் பாலியெஸ்டர் வகையாக இருக்கட்டும். இரண்டு சேனலின் ஃபில்டர்களும் ஒத்துப்போகாவிட்டால் ஒரு சேனல் மற்றொன்றை விடச் சற்றுத் தாமதிக்கும், அந்தத் தாமதம் நரம்பின் கணக்கில் சேர்ந்துவிடும். ரெடிமேடாக விற்கும் சிறிய ஏடி620 போர்டுகளில் பெருக்கத்தைத் திருகி மாற்றும் வசதி உண்டு. இரண்டையும் ஒரே அளவில் நிறுத்துவது பெரிய பாடு. சிலவற்றில் எதிர் மின்சாரத்தை உருவாக்கும் ஐசி ஒன்றும் இருக்கும், அதன் சுவிட்சிங் இரைச்சல் பதிவில் ஏறும். வெரோபோர்டில் (பாகங்களைச் சால்டர் செய்யும் துளைப் பலகை) சொந்தமாகக் கட்டுவதே மேல்.

புழு வருவதற்கு முன் செய்யவேண்டிய சோதனை

சவுண்ட் கார்டு உண்மையிலேயே ஸ்டீரியோ உள்ளீடு உடையதா என்று பாருங்கள். விலை குறைந்த பலவற்றில் மைக் துளை ஒற்றைச் சேனல்தான், கணினி அதையே இரண்டாகக் காட்டும். லைன்-இன் உள்ள கார்டு வாங்குங்கள். கணினியின் ஒலி அமைப்பில் இரைச்சல் நீக்கும் வசதி, தானாக ஒலியளவு கூட்டிக் குறைக்கும் வசதி எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். அவை துடிப்பையே இரைச்சல் என்று எண்ணித் துடைத்துவிடும்.

கைபேசியிலிருந்து 1 கிலோ ஹெர்ட்ஸ் ஒலியை எடுத்து, 100 கிலோ ஓமும் 100 ஓமும் வைத்து ஆயிரத்தில் ஒன்றாகக் குறைத்து, இரண்டு சேனல்களுக்கும் ஒரே நேரத்தில் கொடுங்கள். ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிவு செய்து, மாதிரிப் புள்ளிகள் தனித்தனியாகத் தெரியும் அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டு அலைகளின் உச்சமும் ஒரே புள்ளியில், ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒரு புள்ளி என்பது 22.7 மைக்ரோவிநாடி. ஒரு புள்ளி விலகினால் விட்டுவிடலாம். மூன்று நான்கு புள்ளி விலகினால் கெப்பாசிட்டரை மாற்றுங்கள். இந்தச் சோதனையைச் செய்யாமல் சொல்லும் எந்த வேகக் கணக்குக்கும் மதிப்பில்லை.

அடுத்தது 50 ஹெர்ட்ஸ் மின்சார ரீங்காரம். லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டுங்கள். குழியையும் ஆம்ப்ளிஃபையரையும் ஒரு பெரிய பிஸ்கட் டின்னுக்குள் வைத்து, டின்னைச் சர்க்யூட் கிரவுண்டோடு இணையுங்கள். டின்னின் பெயின்ட்டைச் சுரண்டி உலோகத்தில் இணைக்க வேண்டும், பெயின்ட் மேல் முதலைக் கிளிப் மாட்டினால் பயனில்லை. மின்விசிறியின் ரெகுலேட்டரும் எல்இடி விளக்கின் டிரைவரும் 50 ஹெர்ட்ஸோடு நிற்காமல் கூர்மையான முட்களைப் போடும், அவை ஃபில்டரைத் தாண்டி வந்து துடிப்பு போலவே தெரியும். அந்த நேரத்துக்கு இரண்டையும் அணைத்துவிடுவதே வழி. எந்த நிலையிலும் பேட்டரிக்குப் பதில் மின் அடாப்டர் போட வேண்டாம். இதே கருவியை மனித உடலில் வைத்துப் பார்க்க ஆசைப்பட்டால், சுவர் மின்சாரத்தோடு எந்த வகையிலும் தொடர்பு இருக்கக் கூடாது.

புழு

மண்புழு உரக் கூடங்களில் வளர்க்கும் யூட்ரிலஸ் யூஜினியே என்ற இனம் நீளமானது, கம்பிகள் 50 மி.மீ. வரை பரவிய இந்தக் குழிக்குப் பொருந்தும். 12 செ.மீ.க்குக் குறையாத, வளர்ந்த புழுவாகப் பாருங்கள். ஐசீனியா ஃபெட்டிடாவும் சரிதான், ஆனால் அது சிறியது. குழியின் தூரங்களைச் சுருக்க வேண்டிவரும்.

குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்த தண்ணீரில் மண் போக அலசி, ஈரத் தாளில் ஒற்றி எடுங்கள். வெளிறிய பக்கம்தான் வயிறு. நரம்புத் தண்டு அங்கே இருப்பதால் அந்தப் பக்கம் கம்பிகளின் மேல் படிய வேண்டும். தடித்த பட்டையான கிளைடெல்லம் தலைப் பக்கத்தில் இருக்கும். அதன் மேல் மின்முனை வந்தால் தோல் தடிமனால் சிக்னல் குறையும். ஆகவே முதல் கம்பி அதற்குப் பின்னால் வரும்படி கிடத்துங்கள். மேலே கறுப்புத் துணி போட்டு மூடினால் சில நிமிடங்களில் அடங்கிக் கிடக்கும்.

தொடர்பு கூடட்டும் என்று உப்புத் தண்ணீர் விடக் கூடாது, புழு செத்துப்போகும். வெறும் தண்ணீரும் தேங்கி நிற்கக் கூடாது. கம்பிகளுக்கு நடுவே தேங்கும் நீர் சிக்னலைக் குறுக்கே இணைத்துக் கரைத்துவிடும். தோல் ஈரமாக இருக்க வேண்டும், குழி ஈரமாக இருக்கக் கூடாது. அப்படியும் கொஞ்ச நேரத்தில் புழு கோழையைச் சுரக்கும், துடிப்பின் உயரம் படிப்படியாகக் குறையும். அப்போது புழுவை எடுத்து, குழியை அலசித் துடைத்து, மறுபடி கிடத்துங்கள். 20 நிமிடத்துக்கு மேல் ஒரே புழுவை வைத்திருக்க வேண்டாம்.

தொடுவதற்கு 0.2 மி.மீ. தூண்டில் நைலான் இழை ஒன்றைக் குச்சியில் ஒட்டிக்கொள்ளுங்கள். உலோகமோ விரலோ கூடாது. விரல் அருகே வந்தாலே ரீங்காரம் ஏறிவிடும்.

பதிவைப் படிப்பது

தலையை மெல்லத் தொட்டதும் முதல் சேனலில் ஒரு கூரிய துடிப்பு, சற்றுத் தள்ளி இரண்டாம் சேனலில் அதே வடிவில் ஒன்று. வாலைத் தொட்டால் வரிசை தலைகீழாக மாறும், இரண்டாம் சேனலில் முதலில் வந்து பிறகு முதல் சேனலுக்குப் போகும். துடிப்பின் வடிவமும் புரளும்: தலைப் பக்கம் தொட்டபோது முதலில் கீழே போன கோடு, வால் பக்கம் தொட்டபோது முதலில் மேலே போகும். ஜோடியின் எந்தக் கம்பியை முதலில் கடக்கிறது என்பதைப் பொறுத்தது அது. வரிசையும் வடிவமும் இப்படிச் சேர்ந்து புரண்டால், பார்ப்பது ஓடும் நரம்புத் துடிப்புதான் என்பதில் சந்தேகமே வேண்டாம்.

இரண்டு சேனலிலும் ஒரே நேரத்தில் வந்த எதுவும் நரம்பு அல்ல. மேசை தட்டியது, கம்பி ஆடியது, விளக்கு அணைந்தது என ஏதாவது ஒன்றாக இருக்கும். துடிப்புக்குச் சில மில்லிவிநாடி கழித்து வரும் பெரிய, அகலமான, ஒழுங்கற்ற அலை தசையினுடையது. தசை அலையின் உச்சத்தை வைத்து வேகம் கணக்கிட்டால் விடை சம்பந்தமில்லாமல் வரும்.

ஆடாசிட்டியில் தேர்வு அளவை மாதிரிப் புள்ளிக் கணக்குக்கு மாற்றிக்கொண்டு, ஒரு சேனலின் உச்சத்திலிருந்து மற்றதன் உச்சம் வரை எண்ணுங்கள். 84 புள்ளி என்றால் 1.905 மில்லிவிநாடி. 40 மி.மீ.யை அதால் வகுத்தால் விநாடிக்கு 21 மீட்டர். உச்சத்தைக் குறிப்பதில் மூன்று புள்ளி இப்படி அப்படி ஆனாலும் 20.3-க்கும் 21.8-க்கும் நடுவில்தான் வரும். வால் பக்கத் துடிப்பில் 160 புள்ளி வந்தால் விநாடிக்கு 11 மீட்டர். ஐரோப்பிய மண்புழுவான லம்பிரிகஸ் டெரெஸ்ட்ரிஸில் நடு இழை பெரும்பாலும் 20 முதல் 40 மீட்டர், பக்க இழைகள் 10 மீட்டரை ஒட்டி என்று காணப்பட்டிருக்கிறது. இரண்டு இழைகளுக்கும் இடையே இந்தப் பெரிய வித்தியாசம் உங்கள் பதிவிலும் தெரிய வேண்டும்.

நடு இழை வேகமாக இருப்பதற்கு முதல் காரணம் அதன் தடிமன். துடிப்பு ஓரிடத்தில் எழும்போது சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. அந்த மின்னோட்டம் இழையின் உட்புறமாகவே முன்னால் பரவி, அடுத்த பகுதியின் சவ்வை வாசல் அளவுக்கு, அதாவது துடிப்பு தொடங்கத் தேவையான அழுத்தத்துக்கு, உயர்த்துகிறது. அங்கே சோடியம் வாயில்கள் திறக்கின்றன. பிறகு பொட்டாசியம் வெளியேறிப் பழைய நிலை திரும்புகிறது. இழை இரண்டு மடங்கு தடித்தால் உள்ளே மின்தடை நான்கில் ஒன்றாகிறது, நிரப்பவேண்டிய சவ்வின் பரப்போ இரண்டு மடங்குதான் கூடுகிறது. அந்த லாபம்தான் வேகம். ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952-இல் இந்த வாயில்களின் கணக்கை எழுதியது கணவாய் மீனின் ராட்சத இழையை வைத்து. அரை மி.மீ. தடிமன் இருந்தும் அதன் வேகம் விநாடிக்கு 25 மீட்டரை ஒட்டித்தான். மனிதக் கையின் இயக்க நரம்பு அதைவிடப் பல மடங்கு மெல்லியதாக இருந்தும் விநாடிக்கு 50 மீட்டருக்கு மேல் ஓடுவது இழையைச் சுற்றியிருக்கும் மயலின் என்ற கொழுப்பு உறையால். அந்த உறை இல்லாத நம் வலி இழைகளில் வேகம் விநாடிக்கு 1 மீட்டர் அளவுதான்.

இன்னும் கொஞ்சம் அழுத்தித் தொட்டுப் பாருங்கள். துடிப்பின் உயரம் கூடாது, எண்ணிக்கைதான் கூடும். ஒன்றுக்குப் பதில் மூன்று, நான்கு என்று நெருங்கி நெருங்கி வரும். உணர்ச்சி நரம்புகள் வலிமையை இப்படி எண்ணிக்கையில்தான் சொல்கின்றன என்பதை 1920-களில் எட்கர் ஏட்ரியன் கேம்பிரிட்ஜில் காட்டினார். 1932-இல் ஷெரிங்டனோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். வேகத்துக்கு வரிசையின் முதல் துடிப்பை மட்டும் எடுங்கள். சவ்வு முழுதாக மீளுமுன் வரும் அடுத்த துடிப்புகளில் வேகமும் வடிவமும் சற்று மாறும். தொடர்ந்து தொட்டுக்கொண்டே இருந்தால் புழு பழகிப்போய்ப் பதில் தருவதை நிறுத்திவிடும். ஒரு தொடுகைக்கும் அடுத்ததற்கும் நடுவே ஓரிரு நிமிடம் விடுங்கள்.

பதிவோடு வெப்பநிலையையும் எழுதிவையுங்கள். மீன் தொட்டி வெப்பமானியின் முனையைக் குழியோடு ஒட்டி வைத்தால் போதும். 30 டிகிரி அறையில் எடுத்த அளவை, குளிர் நாட்டு ஆய்வகத்தில் எடுத்த அளவோடு அப்படியே ஒப்பிட முடியாது. டின்னுக்கு அடியில் துணி சுற்றிய ஐஸ் பொட்டலம் வைத்து, 20 டிகிரிக்கு இறங்கியதும் மறுபடி தொட்டுப் பாருங்கள். இரண்டு துடிப்புகளும் விலகும், ஒவ்வொரு துடிப்பும் அகலமாகும். சோடியம் வாயில்கள் திறப்பது குளிரில் மந்தமாவதால் ஒவ்வொரு பகுதியும் வாசலைத் தொடக் கூடுதல் நேரம் எடுக்கிறது. துடிப்பு அகலமாவதால் உச்சத்தைக் குறிப்பதும் கடினமாகும். அந்த இடத்தில் உச்சத்துக்குப் பதில், கோடு பூச்சியத்தைக் கடக்கும் புள்ளியை இரண்டு சேனலிலும் குறித்துக்கொண்டால் அளவு துல்லியமாக வரும்.